அரைப்பக்க வாழ்த்து

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
18.02.2007

அன்புள்ள மச்சாளுக்கு,

கௌரி எழுதுவது. உங்கள் வீட்டுக்கார அண்ணையின் முழங்கால் நோ எப்படி? மகள் சிவாஜினிக்குப் பேசிவந்த சம்பந்தம் எந்த அளவில் நிற்கிறது? மகன் பிருந்தனோடு நாங்கள் மூன்று பேரும் குளிரில் விறைத்தாலும் வருத்தம் துன்பம் இல்லாமல் இருக்கிறோம்.

போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். இந்த வீட்டில் நான் இருமினாலே உங்கள் தம்பிக்குக் கேட்கும். இது அவர் கேட்கக்கூடாத கதை.

ஒன்ராறியோ அரசாங்கம் புதிதாக ஓர் ஒழுங்கு கொண்டுவந்திருக்கிறது. வெளிநாட்டில் படித்த டொக்டர்மாரை ஆஸ்பத்திரிகளில் 'பிசிசியன் அசிஸ்ரன்ற்' என்ற பெயரில் வேலைக்கு எடுக்கப் போகிறார்கள். நோயாளியைப் பார்க்கலாம், காயம் தைக்கலாம், இன்ன வருத்தம் என்று எழுதி வைக்கலாம். மேலே ஒரு டொக்டர் பொறுப்பாக நிற்பார். மானிடோபாவில் இதற்குச் சட்டமே இருக்கிறதாம். எங்கள் கியூபெக்கில் மூச்சும் இல்லை. யாழ்ப்பாணத்தில் டொக்டருக்குப் படித்துவிட்டு, வந்த நாள் தொட்டுக் கோழி ஃபக்டறியில் கத்தியோடு நிற்கிற மனுசனுக்கு இது எவ்வளவு பெரிய காரியம்!

அறிவித்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்துவிட்டு மேசையில் எறிந்தார். "நான் டொக்டர். அசிஸ்ரன்ற் வேலைக்கு வேறை ஆளைப் பார்" என்றார். கோழிகளுக்கு அவர் யாராம்? ஸ்பெஷலிஸ்டா? என் வாயில் வந்ததை நான் சொல்லவில்லை, விழுங்கிக்கொண்டேன்.

அவர் கையில் அந்தக் கோழி நாற்றம் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. அதைச் சகித்துக்கொண்டேன். இந்தத் தலைக்கனத்தை, இந்தக் கெப்பரைத்தான் சகிக்க முடியவில்லை, அருவருப்பாக இருக்கிறது. தாயில்லாத பிள்ளையை வளர்த்தது நீங்கள். உங்கள் சொல் ஒன்றைத்தான் கேட்பார். கொஞ்சம் கதையுங்கள்.

அண்ணைக்கும் சிவாஜினிக்கும் என் அன்பு.
கௌரி


ஸ்காபுறோ
11.03.2007

அன்பின் கௌரிக்கு,

உமது கடிதம் கிடைத்து மூன்று தரம் வாசித்தேன். இங்கே எல்லோரும் சுகம், அண்ணையின் முழங்காலைத் தவிர. பிருந்தன் நன்றாகப் படிக்கிறானா? தமிழை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

நீர் சொல்வது விளங்குகிறது. ஆனால் கௌரி, அசிஸ்ரன்ற் என்றால் சனம் என்ன நினைக்கும்? டொக்டருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஆள் என்றல்லவா நினைக்கும்! இங்கே எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் 'டொக்டரின் அக்கா' என்றுதான் எனக்குக் கதிரை தருகிறார்கள். சிவாஜினிக்குப் பேசுகிற மார்க்கம் நகரத்து மாப்பிள்ளை வீட்டாருக்கும் தாய்மாமன் டொக்டர் என்றுதான் சொல்லியிருக்கிறோம். அது பொய்யும் இல்லையே. அவன் சோதனை பாஸ் பண்ணிய அன்று நான் ஊரெல்லாம் கற்கண்டு கொடுத்தேன்.

இருந்தாலும் கோழி வெட்டுவதை விட ஆஸ்பத்திரி மேல்தான். தம்பியோடு கதைத்தேன். அரைமணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் "பாப்பம் அக்கா" என்றான்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.
ஞானாம்பிகை


மொன்றியல்
03.06.2007

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் நீடூழி வாழவேண்டும். வேலை கிடைத்து, வருகிற சனிக்கிழமை உங்கள் தம்பி பஸ் ஏறுகிறார். உங்கள் பேஸ்மென்ற் அறையைத் துப்புரவாக்கி வைத்திருப்பதாகச் சொன்னீர்களாம், நன்றி. நானும் பிருந்தனும் சுகம். அவனுடைய படிப்பும் குழந்தைகள் காப்பகத்தில், இந்தக் கார்டெரியில், என் சமையல் வேலையும் இங்கே இருப்பதால் ஒரு வருசத்துக்கு இப்படியே இழுப்போம்.

அவர் எப்படிச் சம்மதித்தார் என்பதையும் சொல்கிறேன். உங்கள் சொல் பாதி, பிருந்தன் பாதி. பள்ளிக்கூடத்தில் தகப்பன்மார் வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாள் வந்தது. "நீ அப்பாவைக் கூப்பிடேல்லையோ?" என்று கேட்டேன். அவன் பிரெஞ்சிலும் தமிழிலும் கலந்து, "அப்பா வந்து என்னத்தைச் சொல்லுறது? கோழியின்ரை கால் எங்கை வெட்டுறது எண்டோ?" என்றான். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர், கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். அடுத்த நாள் விண்ணப்பம் போட்டார்.

இப்போது முக்கியமான சங்கதி. வேலைக்கு எடுத்த கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்கள்: ஊரில் எவ்வளவு படித்திருந்தாலும் இங்கே 'டொக்டர்' என்று தன்னைச் சொல்லக்கூடாது, மற்றவர்கள் சொன்னாலும் திருத்தவேண்டும். இங்கே பதிவில்லாதவர் அந்தப் பெயரைச் சொல்லி நோயாளியைத் தொட்டால் சட்டப்படி குற்றம். இந்த ஒழுங்கே ஒரு பரீட்சார்த்தம்தான், பிழை வந்தால் ஆளை அனுப்பிவிடுவார்கள். ஆகவே மச்சாள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், கலியாண வீடுகளில் கொஞ்ச நாளைக்கு அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

கௌரி


ஸ்காபுறோ
05.08.2007

அன்பின் கௌரிக்கு,

உமக்கும் பிருந்தனுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கவேண்டும். தம்பி இங்கே நன்றாக இருக்கிறான், சதையும் போட்டிருக்கிறான். நீல உடுப்போடு வேலைக்குப் போகிறபோது பார்க்கக் கண் நிறைகிறது. போன கிழமை ஒரு சின்னப் பிள்ளையின் விழுந்து கிழிந்த நாடியைத் தைத்தானாம். தழும்பு தெரியாமல் தைத்ததாகப் பெரிய டொக்டர் சொன்னாராம்.

மார்க்கம் ஆட்கள் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் செல்வமலர் நல்ல வாய்க்காரி. தம்பி கழுத்தில் ரை கட்டி, கோட்டுப் போட்டுக்கொண்டு ஹோலில் வந்து இருந்தான். நான் உமக்குச் சொன்ன சொல் மாறவில்லை, வாயே திறக்கவில்லை. அந்த அம்மாதான் கேட்டா: "டொக்டர் எந்த ஆஸ்பத்திரி?" தம்பி ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னான். பேந்து தேத்தண்ணி குடித்தோம். சம்பந்தம் சரி என்று சொல்லிவிட்டார்கள். பங்குனியில் கலியாணம்.

பின்னேரங்களில் சனம் இரத்தப் பரிசோதனைத் தாள்களோடு பேஸ்மென்றுக்கு வருகிறது. நான் தேத்தண்ணி ஊற்றுகிறேன்.

ஞானாம்பிகை


மொன்றியல்
19.08.2007

அன்புள்ள மச்சாளுக்கு,

சிவாஜினியின் சங்கதி கேட்டு வாய் நிறையச் சந்தோசம். என் வாழ்த்தை அவளிடம் சொல்லுங்கள்.

மற்றதைக் கேட்டுத்தான் உடனே எழுத இருந்தேன். 'டொக்டர் எந்த ஆஸ்பத்திரி' என்று கேட்டால், 'நான் அங்கை அசிஸ்ரன்ற்' என்று சொல்ல நாக்கு வளையாதா? பேஸ்மென்றில் என்ன தாள் பார்ப்பு? ஆஸ்பத்திரியில் அவர் செய்வதெல்லாம் மேலே நிற்கிற டொக்டரின் பொறுப்பில். உங்கள் பேஸ்மென்றில் மேலே நிற்பது யார், நீங்களா தேத்தண்ணிக் கேத்திலோடு? வருகிற சனத்தை வாசலோடு திருப்புங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள், நான் பொல்லாதவள் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை.

அண்ணையின் காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்கள்.
கௌரி


மொன்றியல்
07.10.2007

மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள். நான் இல்லை.

நேற்று மரக்கறி வாங்கத் தமிழ்க் கடைக்குப் போனேன். வாசலில் ரொறன்ரோப் பேப்பர் சும்மா எடுக்கக் கிடக்கும், தெரியும்தானே. கடைக்காரர் என்னைக் கண்டதும், "அக்கா, சொல்லவே இல்லை, கை குடுங்கோ" என்று பேப்பரை விரித்துக் காட்டினார். அரைப்பக்கம்! கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு உங்கள் தம்பியின் படம். கீழே 'எமது குடும்பத்தின் ஒளிவிளக்கு, டொக்டர் கிருபானந்தன், அவசர சிகிச்சைப் பிரிவின் வைத்திய நிபுணராகப் பதவியேற்றமையையிட்டு வாழ்த்துகிறோம்.' ஆஸ்பத்திரியின் பெயரும் போட்டிருக்கிறது. அடியில் 'அன்புச் சகோதரி ஞானாம்பிகை குடும்பத்தினர்.'

சீ! பூப்புனிதத்துக்கு விளம்பரம், வீடு குடிபூரலுக்கு விளம்பரம், அறுபதாம் கலியாணத்துக்கு விளம்பரம். எங்கள் சனத்துக்குத் தன் முகத்தைப் பேப்பரில் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. நான் காலில் விழாத குறையாகக் கேட்டேனே மச்சாள்! வாயைக் கட்டச் சொன்னால் அச்சில் போட்டிருக்கிறீர்கள். வைத்திய நிபுணராம். சிவாஜினியின் மாமியாருக்குக் காட்டத்தானே?

வெண்டிக்காயைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வெட்கத்தில் கடைக்காரருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

கௌரி


மொன்றியல்
28.10.2007

மச்சாளுக்கு,

அண்ணை, சிவாஜினி எல்லோரும் சுகமா? என் கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் எடுத்தால் சிவாஜினி எடுத்து, "அம்மா குளிக்கிறா" என்கிறாள். எவ்வளவு நேரம் குளிப்பீர்கள்?

அவரை வேலையிலிருந்து நிற்பாட்டி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டில்தானே இருக்கிறார். யாரோ அந்த விளம்பரத்தை வெட்டி, இங்கிலிசில் மொழிபெயர்த்து, கவரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெயர் இல்லாமல். எங்கள் ஆட்கள்தான், வேறு யாருக்கு அதை வாசிக்கத் தெரியும்? வாழ்த்துப் போடுகிறதும் நாங்கள், அதை வெட்டி அனுப்புகிறதும் நாங்கள். இரண்டையும் நினைக்க எனக்கு ஓங்காளித்துச் சத்தி வருகிறது.

விசாரணை நடக்கிறதாம். "எனக்குத் தெரியாமல் அக்கா செய்தது" என்று சொல்லியிருக்கிறாராம். உண்மையைச் சொன்னார், நல்லது. ஆனால் நம்பவேண்டுமே. மறுபடி கோழி ஃபக்டறிக்குப் போனால் இந்த மனுசன் உயிரோடு இருக்கமாட்டார், எனக்குத் தெரியும். ஒரு வரியாவது எழுதுங்கள்.

கௌரி


ஸ்காபுறோ
18.11.2007

அன்பின் கௌரிக்கு,

நீரும் பிருந்தனும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

பிழை என்னுடையது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசும், நான் கோபிக்கமாட்டேன். தம்பியை மட்டும் ஒன்றும் சொல்லாதையும், அவன் சாப்பிடுவதே இல்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். என் தம்பி டொக்டர் இல்லை, நான் படிப்பறிவில்லாமல், அவனுக்குச் சொல்லாமல் விளம்பரம் கொடுத்தேன் என்று ஒரு தாளில் இங்கிலிசில் எழுதியிருந்தது. கையெழுத்து வைத்தேன். அவர்களில் ஒரு பெண்பிள்ளை எனக்குத் தண்ணி தந்தா.

குளிருக்குப் பிருந்தனை நல்ல சப்பாத்துப் போடச் சொல்லும்.
ஞானாம்பிகை


ஸ்காபுறோ
12.12.2007

அன்பின் கௌரிக்கு,

நான் இங்கு நல்ல சுகம். உமக்கும் மகனுக்கும் அதுவே ஆகட்டும். போனில் சொல்வதை விட எழுத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

விசாரணை முடிந்தது. என்மேல் குற்றமில்லை என்று முடிவு. திங்கட்கிழமை முதல் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பெரிய டொக்டர் கைகொடுத்து, "குடும்பத்தினரின் ஆர்வக்கோளாறு, எங்கள் வீட்டிலும் உண்டு" என்று சிரித்தார். இனி இந்த ஒழுங்கு நிரந்தரமாகும், எங்களுக்கென்று பதிவும் சட்டமும் வரும் என்று கதைக்கிறார்கள். அப்போது முன்வரிசையில் நான் இருப்பேன். கோடை விடுமுறையோடு நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடலாம். வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிவாஜினியின் சம்பந்தம் குழம்பிவிட்டது. அக்கா ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது எப்படியோ வெளியே போய், 'அசிஸ்ரன்றை டொக்டர் எண்டு காட்டி ஏமாத்தின குடும்பம்' என்று செல்வமலர் அம்மா சொல்லிவிட்டாவாம். கவலைதான். ஆனால் அக்கா யோசித்துச் செய்திருக்கவேண்டும்.

அன்புடன்,
கிருபானந்தன்


மொன்றியல்
06.01.2008

அன்புள்ள மச்சாளுக்கு,

புதுவருசம் உங்களுக்காவது நல்லதாகப் பிறக்கட்டும் என்று எழுத ஆசை. சிவாஜினி சாப்பிடுகிறாளா? அழுகிறாளா? நீங்கள் நித்திரை கொள்கிறீர்களா?

சம்பந்தம் குழம்பியது கேட்டு மனம் கேட்கவில்லை. பேப்பரில் ஒரு திருத்தம் போட்டால் உங்கள் பெயர் கொஞ்சம் துலங்கும் என்று நினைத்து, பேப்பர்க்காரருக்கு போன் எடுத்தேன். "அந்த அம்மா தெரியாமல் குடுத்த விளம்பரம்" என்று தொடங்கினேன். அந்த மனுசன் இடையில் மறித்தார்.

"எந்த அம்மா, தங்கச்சி? டொக்டரெல்லோ நேரை வந்தவர். படம் தந்ததும் அவர், வசனம் எழுதித் தந்ததும் அவர். 'நிபுணர்' எண்டு போடலாமோ எண்டு நான்தான் கேட்டனான். போடும் எண்டார். பேர் சின்னனாக் கிடக்கெண்டு ரெண்டுதரம் பெருப்பிச்சவர். எங்களிலை பிழை இல்லை."

அப்படியே போனை வைத்துவிட்டேன்.

உங்களை ஏசி நான் எழுதிய எழுத்து! உங்கள் கையெழுத்துக்கும் பிள்ளையின் கலியாணத்துக்கும் மேலே ஏறி நின்றல்லவா அந்த மனுசன் எனக்கு வீடு பார்க்கிறேன் என்று எழுதுகிறார். என் மனுசன் என்று சொல்ல வாய் கூசுகிறது. மச்சாள், உங்களுக்கு எப்போது தெரியும்? ஏன் எனக்குச் சொல்லவில்லை?

கௌரி


ஸ்காபுறோ
27.01.2008

அன்பின் கௌரிக்கு,

சிவாஜினி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அண்ணை பொல்லுப் பிடித்து நடக்கிறார். நீர் அழாதையும்.

கேட்டதற்கு என்ன எழுத? விளம்பரம் வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரி பேப்பரைக் கொண்டுவந்து வாழ்த்தினா. என் பெயரையும் அதில் பார்த்தேன். நல்லாயிருக்கு என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? அந்தச் சொல்லை அவன் தலையில் ஏற்றி வைத்தது நான் அல்லவா! சின்ன வயதிலேயே அவனை 'டொக்டர்' என்று கூப்பிட்டுத்தான் சோறு தீத்தினேன்.

நடந்தது நடந்துவிட்டது. அவனுடைய வேலை நிலைக்கட்டும். ஒன்றை மட்டும் உமக்குச் சொல்கிறேன், மனதில் வைத்திரும். சம்பந்தம் குழம்பிய அன்று எல்லோரும் ஹோலில் இருந்தோம். சிவாஜினி அழுதுகொண்டிருந்தாள். தம்பி கீழேயிருந்து வந்து, எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "ஏனக்கா இப்பிடிச் செய்தனி?" என்று கேட்டான்.

"தெரியாமல் செய்திட்டன், ராசா" என்றேன். சிவாஜினி அன்றையிலிருந்து என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

பிருந்தனுக்கு என் முத்தங்கள்.
ஞானாம்பிகை


மொன்றியல்
03.02.2008

பிருந்தனின் அப்பாவுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. பிருந்தன் சுகம்.

விளம்பரம் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். பேப்பர்க்காரர் சொன்னார். உங்கள் அக்கா இந்த நிமிசம் வரைக்கும் உங்களைப் பொத்திப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறா.

பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை ஒருதரம் பெரிய எழுத்தில் பார்க்க ஆசைப்பட்டீர்கள். அதை நான் மன்னிப்பேன். படித்த படிப்பை உள்ளே போட்டு மூடிக்கொண்டு கத்தி பிடித்த மனுசன், ஆசை வந்திருக்கும். பயத்தில் ஒரு பொய் சொன்னீர்கள், அதையும் விழுங்கியிருப்பேன். ஆனால் அக்கா போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு, அந்தப் பிள்ளை அழுகிற ஹோலில் வந்து நின்று, 'ஏனக்கா செய்தனி' என்று கேட்டீர்களே. அதை நினைக்க நினைக்க எனக்குக் குமட்டுகிறது.

நேற்று செல்வமலர் அம்மாவுக்கு நானே போன் எடுத்தேன். "விளம்பரம் குடுத்தது என்ரை மனுசன். மச்சாளுக்கு ஒண்டும் தெரியாது. தம்பியைக் காப்பாத்தத்தான் கையெழுத்து வைச்சவ. அந்தத் தாயின்ரை பிள்ளை உங்கடை வீட்டுக்கு வரக் குடுத்து வைக்கோணும்" என்றேன். அவ முழுவதையும் கேட்டா. பேந்து, "இதை நான் ஆருக்கும் சொல்லலாமோ?" என்று கேட்டா. "எல்லாருக்கும் சொல்லுங்கோ" என்றேன்.

அவவின் வாய் உங்களுக்குத் தெரியும். கதை ஆஸ்பத்திரி வரைக்கும் போகும், வேலையும் போகலாம். அந்த வேலைக்காக ஒற்றைக்காலில் நின்றவள் நான், போனால் முதலில் வயிறு எரிகிறதும் எனக்குத்தான். போகட்டும்.

வீடு பார்க்கவேண்டாம். அக்கா மேலே குசினியில் நிற்பா. படியேறிப் போய், சிவாஜினியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, நான்தான் கொடுத்தேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொன்ன பிறகு எனக்கு போன் எடுங்கள்.

கௌரி